முப்பத்தெட்டில் நின்ற முள்

இருபது நிமிடமாகப் பீப்பாய்த் தண்ணீருக்குள் உறுமிக்கொண்டிருந்தது படகு எஞ்சின். அதன் தலையில் புதிதாகப் பூட்டியிருந்த வெப்பமானியின் முள் மட்டும் முப்பத்தெட்டில் குந்திவிட்டது. எஞ்சின் திருத்துகிற வினோதன் அதன் கண்ணாடியை விரலால் தட்டினான். பிறகு ஸ்பானரின் பின்பக்கத்தால் தட்டினான். சனியன் அசையவில்லை. கொழும்புக் கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் புகை நிறைந்து, எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

"என்ன தம்பி, சூடாகலியா?" என்று கேட்டாள் றோஸி. படகு அவளுடையது. காலையிலிருந்து கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"பொறுங்கோ அக்கா. மீற்றர் பிழைபோல."

பிழையாக இருக்கக்கூடாதென்றுதான் அவன் தேடித் திரிந்து அதை வாங்கியிருந்தான். மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சினை முதலில் பெற்றோலில் கிளப்பி, அறுபது பாகை வரைக்கும் சூடேறவிட்டு, பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் சரியாக எரியாது. பிளக்கில் கரி அப்பி, நடுக்கடலில் எஞ்சின் கையை விரித்துவிடும். றோஸியின் எஞ்சின் மூன்று வருடமாகக் கரி கக்குகிறது. இந்த மாதத்தில் மட்டும் மூன்று தரம் கடலில் நின்றிருக்கிறது. மூன்றாவது தரம் முந்தநாள், துறைமுக வாயிலில், கப்பல் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்த நேரத்தில். படகை ஓட்டியவன் அவளுடைய தம்பி டெல்சன். துடுப்பு வலித்து உயிர் தப்பினான்.

"பத்து நிமிசம் பெற்றோல்லதான் ஓட்டினேன் வினோதண்ணே, அந்தோனியார் சத்தியமா" என்று அன்று முகத்துவாரம் மீன்பிடிக் கரையில் நின்று டெல்சன் சொன்னான். இதையேதான் மூன்று வருடமாகச் சொல்கிறான். வினோதன் எல்லாருக்கும் கேட்கவே சொன்னான்: "சத்தியத்தில எஞ்சின் ஓடாது, சூட்டிலதான் ஓடும்." கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்சன் சிரிக்கவில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கிற கள்ளன் என்று சொந்த அக்காவே அவனிடமிருந்து படகைப் பறித்தாள். நாளையிலிருந்து வேறு ஆள். புதிதாக வருபவன் பொய் சொல்லக்கூடாதென்றுதான் இந்த வெப்பமானி.

வினோதன் எஞ்சினை நிறுத்தினான். சென்சரைக் கழற்றி, பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேத்தண்ணீருக்குள் விட்டான். முள் துள்ளி எண்பதைத் தொட்டது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணீரில் துள்ளுகிற சாமான் எஞ்சினில் மட்டும் ஏன் படுத்துக் கிடக்கிறது? அப்படியானால் எஞ்சின்தான் சூடாகவில்லை. இருபது நிமிடம் ஓடியும் சூடாகவில்லை என்றால்...

மேல்மூடியின் ஆணிகளைக் கழற்றினான். எஞ்சின் சூடேறும்வரை கடல்தண்ணீரை மறித்து வைக்கிற சின்ன வால்வு ஒன்று அதற்குள் இருக்கவேண்டும். அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது.

"எந்த மடையன் இதக் கழட்டினவன்?" என்று கத்தினான். முகத்துவாரத்தின் பழைய வியாதி இது. எஞ்சின் கொஞ்சம் கொதித்தால் போதும், வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். குளிர்ந்து ஓடினால் நல்லதுதானே என்று விளக்கம் வேறு. "மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் குளிர் விசம் எண்டு தெரியாத கழுதையள் எல்லாம் ஸ்பானர் தூக்கினா இப்பிடித்தான். என்னட்டக் கொண்டுவர முதல் ஆரிட்டக் குடுத்தனீங்கள் அக்கா?"

"எடுத்த நாள்லேருந்து ஒன்கிட்ட மட்டும்தானே தம்பி."

வினோதன் மூடிக்கு அடியில் கசிவு அடைக்க ஒட்டியிருந்த காஸ்கட்டை நகத்தால் உரித்தான். கடையில் வாங்கியதல்ல, தடித்த மட்டையில் கையால் வெட்டி, பசை பூசி வைத்தது. பசைக்குக் கீழே ரோஸ் நிறம். அதில் பொன் எழுத்தில் 'செல்வி மயூ' வரைக்கும் இருந்தது.

மகள் மயூரி பெரியபிள்ளையானபோது அடித்த சாமத்தியவீட்டு அழைப்பு காட். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம். மண்டபத்தைக் கைவிட்டு வீட்டோடு முடித்ததில் இருநூறு காட் மிஞ்சியது. நல்ல தடித்த மட்டை. அவன் மாதக்கணக்காக அதில்தான் காஸ்கட் வெட்டினான். இந்த எஞ்சினில் உப்பில் இறுகிய வால்வையும் அப்போதுதான் கழற்றினான். சாமான் கப்பலில் வந்ததும் புதிதாகப் போடலாம் என்று நினைத்தான். சாமான் வந்தது. அவன் மறந்துபோனான்.

விரலை விட்டால் மட்டை பீப்பாய்க்குள் விழுந்துவிடும். வால்வு ஒன்று அலுமாரியில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, யாருக்கும் தெரியவராது. கரையில் நின்று சிரித்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

"அக்கா, இதப் பாருங்கோ" என்று நீட்டினான்.

றோஸி கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐயோ, மயூரிட காட் தானே! நாங்களும் வந்தோம் தானே. டெல்சன் தானே சைக்கிள்ல வாழைக்குல ஏத்திக்கிட்டு..." அவள் எஞ்சினைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான்தான் அக்கா கழட்டினது. அந்த எஞ்சின் ஒருநாளும் சூடாகேல்ல. அவன் பத்து நிமிசமில்ல, ஒரு மணித்தியாலம் பெற்றோலில ஓட்டியிருந்தாலும் நிண்டிருக்கும். அவன் சொன்னது உண்ம."

அவள் ஏசுவாள் என்று நின்றான். ஏசினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். றோஸி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். டெல்சனின் இலக்கத்தை அழுத்தி, காதில் வைக்காமல் அவனிடம் நீட்டினாள்.

"பேலியகொடை மீன் மார்க்கட்ல பெட்டி தூக்குறான், நேத்திலேருந்து. நீயே சொல்லு."

எண்ணெய்க் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைக்கக்கூட நேரமில்லை. அங்கே எடுத்துவிட்டார்கள். ஈரச் சீமெந்தில் பெட்டி உரசி வருகிற சத்தமும், யாரோ சிங்களத்தில் விலை கூவுகிற சத்தமும் கேட்டன.

"டெல்சன், நான் வினோதன்."

"சொல்லுங்க வினோதண்ணே" என்றான் மூச்சிரைக்க. "இப்ப நான் என்ன பிழை செஞ்சேன்?"

அந்தப் பக்கம் பெட்டி இழுபடும் சத்தம் நின்றது.