பத்து நாள் தலையாட்டல்

பத்து நாளாக என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது; எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கைதான். கல்யாணத்துக்கு முன்பே எனக்காக மாய்ந்து மாய்ந்து சைகை மொழி கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்ட மனுஷன், வேலை முடிந்து வந்ததும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னா சொல்லிடுங்க" என்றேன். அதற்கும் ஒரு தலையாட்டல், இல்லை என்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகை வெளியே கேட்டதோ என்னவோ, எனக்கெங்கே தெரியும்!

மறுநாள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். கொடுக்க அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மனுஷன் என்னைக் கவனிக்கவில்லை. மேசை நெஞ்சு உயரம், நாற்காலியோ பள்ளம். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, கையை மேல்நோக்கி வளைத்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். நாலு வரிக்கு ஒருமுறை விரல்களை உதறிப் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளைத் தட்டினேன்.

"கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மெல்லக் கையைத் தூக்கினார். "பயமா இருந்துச்சு. இந்தக் கை போச்சுன்னா உன்கூட எப்படிப் பேசுவேன்?"

அடப்பாவி மனுஷா!

நான் தையல்காரி. மெஷினும் முழங்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அலுவலகமே வேடிக்கை பார்க்க, நாற்காலியை உயர்த்தினேன். கால் தொங்கியது, கீழே காகிதக் கட்டு ஒன்றைத் தள்ளினேன். மணிக்கட்டு நேராக வந்தது. மவுஸைக் கைக்கருகே இழுத்து வைத்தேன்.

"அரை மணிக்கொரு தரம் எழுந்து கையைத் தளர விடுங்க. மெதுவாத் தட்டுங்க, கீபோர்டு என்ன உங்களுக்குப் பகையாளியா?"

டாக்டரிடமும் போனோம். மூன்று வாரம் வீட்டில் நான் மட்டுமே பேசினேன். அவர் கைகள் தலையணைமேல் ஓய்ந்திருந்தன.

பிறகு ஒரு சாயங்காலம், நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். அலுவலக மின்விசிறியை யார் நிறுத்துவது என்று மேலாளருக்கும் காசாளருக்கும் நடந்த சண்டையை ஆரம்பித்தார். தலையும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு கைகளும் காற்றில் பறந்தன.

அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.