டெரக் சமன்செய்த தடம்

எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. படகின் மூக்கைக் கூழாங்கல் சரிவில் ஏற்றி நிறுத்துவோம். டெரக் ஃபாக் டிராக்டரால் மேட்டுக்கு இழுப்பான். டிராக்டர் வராவிட்டால் மீன்பிடித் தொழில் இல்லை. இந்த வருஷம் டிராக்டர் தடத்தையே மூடிவிடுவார்கள் போலிருந்தது.

தடத்தின் இருபுறமும், கடற்கோசு என்கிற அரிய கரைச்செடி முளைக்கும் கல்மேடு. ஒவ்வொரு ஜூனிலும் அந்தச் செடிகளைக் கணக்கெடுக்கும் அதிகாரி ஹிலரி பென்ஃபோல்ட் மரச்சட்டத்தோடு வருவாள். குறித்த இடங்களில் சட்டத்தை வைத்து, உள்ளே என்ன செடி, எவ்வளவு வெறுங்கல் என்று பார்ப்பாள். போன வருஷம் தடம் அகலமாகிவிட்டது என்றாள். இன்னும் மோசமானால் மூடச் சொல்வதைத் தவிர வழியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

டெரக் பயந்துபோனான். தடம் இன்னும் அகலமாகாமல் இருக்க, குளிர்காலம் முழுக்க ஒரே சக்கரப் பள்ளத்தில் வண்டி ஓட்டினான். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுப் புல்தரையைச் சவரம் செய்ததுபோல வைத்திருக்கும் ஆள் அவன். ஹிலரி வருகிற அன்று காலையில் நாங்கள் கரை ஏறியபோது இரும்புப் பல் வைத்த வாருகோலோடு நின்றான். மேட்டில் வண்டி திரும்பும் வளைவில் பள்ளமும் இல்லை, காய்ந்த தண்டும் இல்லை; எல்லாவற்றையும் வாரிச் சமன்செய்திருந்தான். வீட்டுக்கு ஆள் வந்தால் பெருக்கி வைக்க மாட்டோமா என்று எங்களையே கேட்டான்.

ஹிலரி வந்தாள். வளைவில் மண்டியிட்டு ஒரு கல்லைத் திருப்பினாள். அடியில் கல்பாசி அப்பியிருந்தது.

"கல்லு அசையாமக் கெடந்தாத்தான் இது பிடிக்கும் டெரக். பல வருஷமாகும். எல்லாத்தையும் குப்புறப் போட்டிருக்கீங்க."

"பள்ளம் தெரிய வேணாம்னுதான்..."

"சக்கரம் படாத எடத்துலயும் சக்கரம் பட்ட மாதிரி பண்ணிட்டான்னு எழுதிக்குங்க" என்றேன் நான். ஹிலரி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். டெரக்கின் காது சிவந்துவிட்டது.

சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். முடியாது, வருஷாவருஷம் ஒரே இடத்தில் பார்த்தால்தான் நிலைமை தெரியும் என்றாள். வளைவு மோசம் என்று எழுதிக்கொண்டாள். பிறகு தடத்தோரமாகச் சட்டத்தை வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். நாங்கள் பின்னால் போனோம். அங்கே வாருகோல் படவில்லை. போன வருஷம் சக்கரம் மிதித்த ஓரத்தில் கடற்கோசுக் கன்றுகள் விரல் உயரத்துக்கு நின்றன.

"இது நீங்க ஒழுங்கா ஓட்டினதால வந்தது" என்றாள். தடம் இருக்கட்டும், வளைவை மட்டும் கயிறு கட்டி மூடச் சொல்லப்போகிறேன் என்றாள்.

"அப்ப மேட்டுல வண்டிய எப்படித் திருப்புறது?"

"திருப்பாதீங்க. ரிவர்ஸ்ல எறங்குங்க."

மத்தியானம் அடுத்த படகு வந்தது. டெரக் கழுத்தை முறுக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே பின்பக்கமாக இறங்கினான். கோசு நிக்குது, கோசு நிக்குது என்று ஓரத்தில் நின்று கத்தினோம். ஹிலரி தேநீரைக் குடித்தபடி வேடிக்கை பார்த்தாள். ஒரு கன்றும் மிதிபடவில்லை. முன்பெல்லாம் அலையோரத்தில் இன்னொரு தடவை வண்டியைத் திருப்பினால்தான் அதன் பின்னால் இருக்கும் கொக்கி படகுப் பக்கம் வரும். இப்போது நேராகப் படகின் மூக்கருகே வந்து நின்றது.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமேய்யா" என்றேன்.

"வாய மூடிட்டுக் கயித்த மாட்டு" என்றான் டெரக், கழுத்தைத் தடவிக்கொண்டே.