ஐந்து பேர் சுவரும் ஹார்லன் துரையும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் தொலைக்காட்சியில் அமெரிக்கர்களின் கால்பந்தைப் பார்த்தேன். பெயர்தான் கால்பந்து, ஆடுவதெல்லாம் கையால். பந்தை எறியும் நாயகனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அவனைப் பிடித்துக் கவிழ்க்க எதிரணி பாய்ந்து வரும்; அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நின்று இடி வாங்குகிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

முதல் வரி: 'பஹ்ரைன், 1976. பாலைவனச் சூரியன் நெருப்பாய்...' (வேண்டாம். வளைகுடா என்றாலே சூரியனைக் கூப்பிட்டுவிடுகிறோம்.)

2

பத்மநாபன் பஹ்ரைனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் அக்கவுண்டன்ட், கனத்த சரீரம். விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் கம்பெனியில் நடக்கும் இந்த ஆட்டத்துக்கு அமெரிக்கர்கள் போதவில்லை. குவார்ட்டர்பேக்கான அக்கவுண்ட்ஸ் தலைவர் ஹார்லன் துரை இவர் தோளைப் பார்த்தார், சுவரின் இடது ஓரத்தைக் கொடுத்துவிட்டார். எதிரணியில் இவருக்கு நேரே நின்றவர் பர்சனல் மேனேஜர் சேதுமாதவன்.

ஈசா டவுனில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்க ஹார்லன் சிபாரிசு செய்ய வேண்டும். சேதுமாதவன் வீடு ஒதுக்க வேண்டும். கல்யாணமானபின், ஊரிலிருக்கும் மனைவி நீலாவோடு பத்மநாபன் இருந்தது ஒரே ஒரு லீவு. சில நாள் அவள் முகம் நினைவுக்கு வர மறுத்தது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

(நீலா ஜன்னலோரம் காத்திருப்பதாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் பி.எட். படிக்கிறாள், ஜன்னலுக்கு நேரமில்லை.)

3

முதல் முறை சேதுமாதவன் பாய்ந்து வந்ததும் பத்மநாபன் ஒதுங்கி வழிவிட்டார். காரிடாரில் மேனேஜர் வந்தால் செய்வதைத்தான் செய்தார். ஹார்லன் மண்ணில் விழுந்து எழுந்து, இவரை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த முறை பத்மநாபன் முட்டி நிறுத்தினார்.

"என்னய்யா இது, உமக்கு குவார்ட்டர்ஸ் வேணுமா வேண்டாமா?" என்றார் சேதுமாதவன், மூச்சிரைக்க.

4

வேடிக்கை என்னவென்றால், சுவர் நின்றால் துரையும் நிதானமாக நிற்கிறார். இடப்பக்கம் ஓட்டை விழுந்தால் வலப்பக்கம் ஓடுகிறார். தன் இஷ்டத்துக்கு நடப்பதாக அவர் நினைப்பு. நடப்பதென்னவோ இவர்கள் விட்டுவைத்த இடத்தில்தான்.*

பத்மநாபனுக்கு வழி தெரிந்துவிட்டது. அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வருகிறவரை முதுகில் கைவைத்து, பவ்வியமாக, வேறு வாசல் வழியே அனுப்பிவிடுவார்கள் அல்லவா? அப்படியே சேதுமாதவனை வெளிப்பக்கமாகச் சுற்றவிட்டு, துரைக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவது. துரை மட்டும் முன்னால் ஓரடி வைத்தால் போதும், மேனேஜரை முட்டியதாகவும் இராது, துரை விழவும் மாட்டார்.

பக்கத்தில் நின்ற ஸ்டோர் கீப்பர் மீராசாவிடம் சொன்னார்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ஒரு பிரச்சினைன்னு வந்தா நம்ம துரை முன்னால வந்து எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

* இதை உங்கள் அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள்.

5

கடைசிப் பந்து. "இப்படி வாங்க சார்" என்று பத்மநாபன் சேதுமாதவனை அழகாகச் சுற்ற அனுப்பினார். முன்னால் இடம் காலி. ஹார்லன் ஒரு காலைத் தூக்கினார்.

முடிவு அ: கால் முன்னே போகிறது. சேதுமாதவன் காற்றைக் கட்டிப்பிடிக்கிறார். யாருக்கும் கோபமில்லை, நீலா விமானம் ஏறுகிறாள்.

முடிவு ஆ: கால் பழக்கப்படி பின்னே போகிறது, நேராகச் சேதுமாதவன் கைக்குள். பழி யார் தலையில் என்று...

எனக்கு வாய்த்த மேலாளர்களை நினைத்து எழுதினால் நீலா வரவே மாட்டாள். அது எனக்குத் தாங்காது. அதனால் பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் உங்கள் மேலாளரை நினைத்துக்கொண்டு, அந்தக் காலை இறக்கி வையுங்கள்.