அண்ணன் கை

அந்த சலூனில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் முடி வெட்டினார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். ஒருநாள் பெரியவர் கையிலிருந்து சீப்பு நழுவியது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு கத்தரிக்கோல் நழுவியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. தசையை அசைக்கும் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார் நரம்பு டாக்டர். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சும் போய்க் கடைசியில் மூச்சும் நின்றது.

மறுவருஷம் ஓயாத அசதி என்று சின்னவர் ரத்தம் பரிசோதித்தார். இரும்புச்சத்து அளவுக்கு மேல் இருந்தது.

"நல்லதுதானே, இரும்பு மனுஷன்!" என்று கிண்டலடித்தார் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த பேப்பர்காரர். அடுத்த மூச்சிலேயே, "ஆனா இரும்பு கூடினா ஏதோ நரம்பு நோய் வரும்னு படிச்சேன். கை காலெல்லாம் விழுந்துடுமாம்" என்றார்.

சின்னவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்க்கவே அவருக்குப் பயம். கண்ணாடிக்குள் முடி வெட்டிக்கொண்டிருந்தது அண்ணன் கை. விரலிடுக்குச் சதை தானாகத் துடித்தது. காலையில் பொத்தான் போடும்போது யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் முதுகு கூசியது.

சோற்றைப் பிசையாமல் விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிடிவாதமாக அதே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் ஊசி குத்தி நரம்புகளைச் சோதித்தார். "இப்போ ஒண்ணும் இல்ல. இந்த நோய் வந்தவங்க சிலருக்கு இரும்பு கூடியிருந்துது. இரும்பால நோயா, நோயால இரும்பான்னு இன்னும் தெளிவாத் தெரியல. உங்களுக்கு ஏன் கூடிச்சுன்னு தனியாப் பார்ப்போம்."

"அப்போ எனக்கு வராதா?"

"வராதுன்னு யாருக்குமே எழுதிக் குடுக்க முடியாதுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணி அவர் கையைப் பிடித்து, விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார்.

"உங்க அண்ணன் கையைக் கடைசி வரைக்கும் பிடிச்சிட்டிருந்தவ நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது உங்க கை, தம்பி."

சின்னவர் குலுங்கி அழுதார்.

அடுத்த பரிசோதனையில் இரும்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் சவரம் செய்கையில் சில சமயம் சதை துடிக்கும். கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்து, அது அடங்கும்வரை அப்படியே நிற்பார்.

"சின்னவர் ரொம்ப நிதானம்" என்பார்கள் வாடிக்கைக்காரர்கள், கண்ணை மூடியபடியே.