வாலில் ஒரு பெயர்

கேட்காதே யூஜின், இந்தப் பெயின்ட் கோட் காய்கிற வரைக்குமாவது கேட்காதே. ஸ்ப்ரே கன்னைச் சீராக இழுத்தபடியே பெனிஷா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நல்லவேளை, பாதி முகம் மாஸ்க்குக்குள் இருந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு யூஜின் சொந்தமாக ஒரு விமானம் செய்துகொண்டிருந்தான். இரண்டு பேர் உட்காரலாம். உடம்பெல்லாம் ஃபைபர். வெயில் அதை அரித்துவிடாமல் இருக்க அடியில் ஒரு பூச்சு, மேலே வெள்ளை. வேறு நிறம் சூட்டை இழுக்குமாம். அதைப் பூசத்தான், அம்பத்தூரில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அவளைத் தேடி வந்து அழைத்தான்.

வந்த புதிதில் அவள் வாலின் சுக்கானுக்கு, கார் கதவுக்குச் செய்வதுபோலப் பட்டி வைத்து இழைத்து, ஆசைக்கு ஒரு கோட் கூடுதலாக அடித்து மினுக்கிவிட்டாள். அவன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தேய்த்தெடுக்கச் சொன்னான். பின்பக்கம் கனம் கூடினால் வேகத்தில் வால் உதறுமாம். ஒரு ஞாயிறு முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே தேய்த்தாள். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் பூசை முடிந்ததும் கால்கள் இங்கேதான் வந்தன.

எதற்காக என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். இதுவரை அவள் அடித்த பெயின்டெல்லாம் யாரோ எங்கோ இடித்துக்கொண்டதை மறைக்கத்தான். எதிலும் இடிக்காத ஒன்று அவள் கைக்கு வந்தது இதுதான் முதல்முறை. வாரம் முழுவதும் அந்த வெள்ளையை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில் யூஜின் வரவே இல்லை என்பது அவளுக்கே சங்கடமாக இருந்தது.

அவன் நண்பன் கன்னியப்பன் ஆட்டோவில் டீ கொண்டுவந்தான்.

"இன்னா மாமே, வண்டி ரெடியாவப் போவுது, பின்னாடி மொட்டையா கீது? நம்ம ஆட்டோவப் பாரு. சுவேதா பேரப் போட்டப்புறந்தான் அவ என்னக் கட்டிக்கவே ஒத்துக்கினா."

யூஜின் காது மடல் சிவந்தது. கன்னியப்பன் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, சவாரி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான்.

"உன் பேரைப் போடலாமா, பெனிஷா?" என்றான் யூஜின். "உன் கையாலயே எழுதேன்."

"கனம் கூடிடுமே." இந்தப் பதிலைப் பல நாளாகத் தயாராக வைத்திருந்தாள்.

"முன்பக்கம் ஒரு துளி ஈயம் சேத்தா சரியாயிடும். கணக்குப் போட்டுட்டேன்."

ஒரு கோட் பெயின்டைக்கூட விட்டுத்தராதவன், அவள் பெயருக்காக ஈயம் சேர்க்கத் தயாராக இருந்தான். ஒளிய இனி இடமில்லை. 'சரி' என்றால் இன்னும் எத்தனையோ ஞாயிறுகள். 'வேண்டாம்' என்றால், இன்னும் பூசாமல் இருக்கும் இடது இறக்கையை வேறு யாராவது பூசுவார்கள். அதுதான் வலித்தது.

மாஸ்க்கைக் கழற்றினாள்.

"வேணாம் யூஜின்."

"வால்லயா?"

"எங்கயுமே," என்றாள் மெதுவாக.