வக்கீல் விரும்பிக் கேட்ட பாட்டு

ஆப்பிரிக்காக் கரையில், எங்கள் கேப் கோஸ்ட் ஊர் வெயிலில் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டிக்கொண்டு ஆடுகிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? நான் கோமாளி என்பேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளப் தோட்டத்தில் அப்படி நாற்பது கோமாளிகள் ஆடுவார்கள். காலில் செருப்புகூட இல்லாத மீன்காரிகள் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். அந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் 'ஹைலைஃப்' என்று பெயர் வைத்ததே நாங்கள்தான். பெரிய பவிசு வாழ்க்கையாம்! வாசிப்பதெல்லாம் எங்கள் மீன் சந்தை மெட்டு. டிரம்பெட்டில் ஊதிவிட்டால் அது அவர்கள் வீட்டுச் சொத்தாகிவிடும்.

அந்தக் கோமாளிகளில் பெரியவன் வக்கீல் ஹாமில்டன் எசுமான். கிளப்புக்குள் எங்கள் தாய்மொழி ஃபான்டி பேசினால் அபராதம் என்று சட்டம் போட்ட மகாராஜா. இவன் அப்பன் எங்கள் தெருவில் வலை பின்னி மீன் பிடித்தவன். இங்கிலீஷில்தான் தும்முவான் இவன். ஆனால் என் தங்கை அராபாவின் பின்வாசலுக்கு மட்டும் இரண்டு வருஷம் ஃபான்டி பேசிக்கொண்டே வந்தான்.

பிள்ளை பிறந்தது. எங்களில் ரத்தம் தாய் தருவது, பெயர் தகப்பன் தருவது. எட்டாம் நாள் விடியலில் தகப்பன் வந்து, குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சாராயமும் தொட்டு வைத்து, நாலு பேர் காதில் விழும்படி பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை ஆயுசுக்கும் ஊர் குத்திக் காட்டும். நாங்கள் பாய் விரித்துக் காத்திருந்தோம். வந்தவன் வக்கீலின் குமாஸ்தா.

"ஐயாவுக்கு அப்படி யாரையும் தெரியாதாம்," என்றான்.

அராபா அழுதாள். எனக்கு வந்தது ஆத்திரம். மறுநாளே மீனுக்குப் புகை போடுகிற அடுப்படியில் பாட்டுக் கட்டிவிட்டோம்.

"கழுத்துப்பட்டைக்காரா, கழுத்துப்பட்டைக்காரா,
பின்வாசல் தெரிஞ்ச காலு முன்வாசலில் நொண்டுதா?
வக்கீல் எசுமானே, உன் மூக்கோட ஒரு பிள்ளை
பேரில்லாமக் கிடக்குதே, பெத்தவன் நீ எங்கடா?"

ஒரு மாதத்தில் ஊரே பாடியது. கிளப் பேண்டு மாஸ்டர் அக்வா வார்த்தையை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பொல்லாத மனுஷன்! வக்கீலுக்கு அந்த மெட்டு உயிர். சந்தைப் பக்கம் மூக்கைக்கூட நீட்டாதவனுக்கு வார்த்தை எப்படித் தெரியும்? மற்ற கோட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சமையல்காரிகள் பாடாத நாளா? ஆனால் அவனிடம் சொல்ல வேண்டுமானால் ஃபான்டி புரிகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

ஒரு சனிக்கிழமை அராபாவைக் கிளப் வேலிக்கு இழுத்துப் போனேன்.

"வேண்டாம்க்கா, மானம் போகுது. வா, போயிடலாம்."

"யாரு மானம்டி போகுது? பிள்ளையைத் தூக்கிப் பிடி."

மெட்டு முடிந்ததும் வக்கீல் கைதட்டி, "இன்னொரு தடவை!" என்று கத்தினான். அவனே கேட்டான், ஐயா! பேண்டு ஆரம்பித்தது. வேலியோரம் நின்ற மீன்காரிகள் அத்தனை பேரும் வாயைத் திறந்தோம். முதல் இரண்டு வரிக்கு இடுப்பை ஆட்டினான். மூன்றாவது வரியில் அவன் பெயர் வந்தது. கூட ஆடிய மனைவி கையை உதறிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

விஸ்கி கிளாஸும் கையுமாக வேலிக்கு ஓடி வந்தான்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று பல்லைக் கடித்தான், ஃபான்டியில்தான்.

"பேரு," என்றேன்.

"சொல்லித் தொலைக்கிறேன். முதல்ல நிறுத்தச் சொல்லு."

நிறுத்தினோம். என் குடுவைத் தண்ணீரிலும் அவன் விஸ்கியிலும் விரலை நனைத்து, வேலி இடுக்கு வழியாகக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்து, ஏதோ முணுமுணுத்தான்.

ஒரு மாதமாகத் தலை நிமிராத என் தங்கை நிமிர்ந்தாள். "காதுல விழல," என்றாள்.

"எங்களுக்கும் விழலடி!" என்றது கூட்டம்.

அக்வா கையைத் தூக்கிப் பேண்டை நிறுத்தினார். தோட்டம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது.

"மறுபடி பாடணுமாய்யா?" என்று கேட்டேன்.

வக்கீலின் கழுத்துப்பட்டை வேர்வையில் தொங்கியது. "குவாமெனா எசுமான்! இவன் பேரு குவாமெனா எசுமான்! என் மகன்! போதுமாடி?" என்று அலறினான். அசல் வலைக்காரன் ஃபான்டி! அவன் அப்பன் கடலில் நின்று கூப்பிட்டால் இப்படித்தான் கரைக்குக் கேட்கும்.

கிளப் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். "மன்னிக்கணும் மிஸ்டர் எசுமான். ஃபான்டி பேசிட்டீங்க. அபராதம்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. குவாமெனா முகத்தைச் சுளித்து, நாக்கிலிருந்த விஸ்கியை வக்கீலின் வெள்ளைச் சட்டையில் துப்பினான். ரத்தம் எங்களுடையது என்று சொன்னேன் அல்லவா?