சதுப்புக்கு வெளியே ஒரு வீடு

அரசாங்கத்துக்குத் திடீரென்று சதுப்பு நிலத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. கோரை முளைத்திருக்கும் இடம் வரைக்கும் சதுப்பு. அதற்குள் ஒரு வீடும் இருக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் வெறும் மனை, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கோடு போடும் வேலை சர்வேயர் தலையில் விழுந்தது. அவருடைய தங்கை வீடு அந்தக் கோரைக்குள்தான் இருந்தது.

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டின வீடு, அண்ணே. எப்படியாவது காப்பாத்திக் குடு," என்று தங்கை அழுதாள்.

சர்வேயர் கை சுத்தமான மனிதர். ஆனால் கூடப்பிறந்தவள் அழும்போது சட்டமாவது மண்ணாவது!

"வெள்ளிக்கிழமை அதிகாரி பார்க்க வர்றார். அதுக்குள்ள இங்கிருந்து ஓடை வரைக்கும் கோரையை வேரோட பிடுங்கிடணும். வீட்டைச் சுத்தி மட்டும் பிடுங்கினா சந்தேகம் வரும்," என்றார்.

சர்வேயர், தங்கை, அவள் கணவர் மூன்று பேரும் இரண்டு நாள் பிடுங்கினார்கள். தங்கையின் கணவர் இடுப்புவரை சேற்றோடு நின்று, "அரசாங்கம் சதுப்பைக் காப்பாத்துது, நாம அதுக்குச் சவரம் பண்றோம், மச்சான்," என்று சிரிக்க வைத்தார். வெள்ளிக்கிழமை அதிகாரி செருப்பில் சேறு படாத தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீடு தப்பியது.

கூடவே ஓடையும் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது. மழைத் தண்ணீர் சதுப்புக்குள் இறங்குவது அந்த வழியாகத்தான் என்று சர்வேயருக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பள்ளத்தில் எவன் வந்து கட்டப்போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எட்டே மாதத்தில் ஒருவன் வந்தான். ஓடையில் மண்ணைக் கொட்டிக் கிடங்கு கட்டினான். தடுக்கப்போன சர்வேயரிடம் வரைபடத்தை நீட்டி, "நீங்க போட்ட கோடுதானே சார் இது?" என்றான்.

இருபது வருடமாக எந்த மழைக்கும் அந்த வீட்டு வாசற்படி நனைந்ததில்லை. அந்த வருடம் ஒரு மத்தியானம், தங்கை வேலைக்குப் போயிருந்த நேரத்தில், போக வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. அவள் கணவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது உயிர் போயிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, சர்வேயர் தங்கை முன்னால் உட்கார்ந்து ஓடையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். தெரிந்தேதான் செய்தேன் என்றும் சொன்னார். திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"வீடு வேணும்னு கேட்டது நான்தானே, அண்ணே," என்றாள் தங்கை. "உன்னைத் திட்டித் தீர்த்துடலாம். என்னை நான் என்ன பண்றது?"

அவள் வீட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"இந்த வீட்டை மறுபடி சதுப்புக்குள்ளயே போட்டுடு. வந்து இடிச்சிட்டுப் போகட்டும்."

அரசிதழில் ஏறிய கோட்டை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது.

"சரிம்மா, போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.